சமையலறைக் குப்பையை இரண்டாகப் பிரித்தால் வீட்டின் பாதிச் சுமை குறையும்

சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை என்றதும் பலருக்கும் பெரிய செலவுகளே நினைவுக்கு வருகின்றன. கூரையில் சூரியசக்தித் தகடு, மின்சாரக் கார், விலை கூடிய குளிர்சாதனம் என்று பட்டியல் நீள்கிறது. மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் சமாளிக்கும் குடும்பத்துக்கு இவை எட்டாத உயரம்தான். ஆனால், காசு செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய ஒரு வேலை சமையலறையில் காத்திருக்கிறது. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் ஒரே பையில் போடாமல் இருப்பதுதான் அது.

தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை 2012இல் நடத்திய ஆய்வின்படி, மலேசியர்களின் வீட்டுக் குப்பையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் உணவுக் கழிவுதான். நெகிழி, குழந்தைகளுக்குக் கட்டும் பெம்பர்ஸ், காகிதம் எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. வெங்காயத் தோல், தேங்காய்ச் சக்கை, மீன் கழுவிய கழிவு, மிஞ்சிய சோறு, முந்தாநாள் குழம்பு ஆகியவையே குப்பைப் பையைக் கனக்க வைக்கின்றன.

ஒரே பையில் போட்டால் என்ன ஆகிறது?

ஈரமும் உலர்ந்ததும் கலந்துவிட்டால் இரண்டுமே வீணாகின்றன. குழம்பு ஊறிய அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர் வாங்குபவர் எடுப்பதில்லை. சோற்றுப் பருக்கை ஒட்டிய நெகிழிப் போத்தலைக் கழுவிப் பிரிக்க ஆள் கிடைப்பதில்லை. மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பொருளும், மண்ணுக்கு எருவாகியிருக்க வேண்டிய பொருளும் சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போகின்றன.

அங்கே டன் கணக்கான குப்பைக்கு அடியில் காற்று புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் உணவு அழுகும்போது மீத்தேன் வாயு உருவாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்குகிறது. அழுகலிலிருந்து வடியும் கறுப்பு நீரைச் சரியாகத் தடுத்துச் சுத்திகரிக்காவிட்டால் அது நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும்.

தொல்லை குப்பைமேட்டில்தான் தொடங்குகிறது என்றில்லை, வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. லாரி வருவது ஒருநாள் தள்ளிப்போனாலும் பை நாறுகிறது. நாயும் பூனையும் கிழித்துப் போடுகின்றன. எலி பெருகுகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் உயிரையே பறிக்கக்கூடியது. மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பி வழியும் தாமான்களுக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல.

தோட்டத்தில் அது குப்பையாக இருந்ததில்லை

ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்த தலைமுறைக்கு இந்தப் பிரிப்பு புதிதல்ல. அரிசி கழுவிய கழனித் தண்ணீர் மாட்டுக்குப் போனது. காய்கறித் தோல் ஆட்டுக்கும், மிஞ்சிய சோறு கோழிக்கும் நாய்க்கும் போயின. சாணமும் சருகும் மக்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த வெண்டைக்கும் கத்தரிக்கும் முருங்கைக்கும் எருவாயின. சமையலறையிலிருந்து வெளியேறிய எதற்கும் போக ஓர் இடம் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் மாறியபோது மாடும் கோழியும் கூட வரவில்லை, பின்கட்டு நிலமும் வரவில்லை. அதே கழிவுக்குப் போக இடமில்லாமல் நெகிழிப் பை ஒன்றே வழியானது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், மண்ணையும் எருவையும் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததே இந்த வேலைக்குப் போதிய பாடம்.

அந்தக் காலப் பழக்கம் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். அது குப்பையைக் கூட்டி எரிப்பது. அன்று எரிந்தது பெரும்பாலும் சருகு. இன்று அதில் நெகிழி கலந்திருக்கிறது, அந்தப் புகையில் நச்சு இருக்கிறது. திறந்த வெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடை செய்கிறது.

ஒரு வாளி, ஒரு பை

முதல் அடி மிக எளிது. தொட்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட சிறிய வாளி ஒன்று ஈரக் கழிவுக்கு. கதவோரம் ஒரு பை அல்லது பழைய அரிசிச் சாக்கு, உலர்ந்த பொருளுக்கு. இரண்டிலும் சேராதவை மட்டும் குப்பைப் பைக்கு.

உலர்ந்த பொருளைப் போடுவதற்கு முன் லேசாக அலசுவது நல்லது. அதற்குப் புதிய தண்ணீர் தேவையில்லை. பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீர் போதும். பால் டின், மைலோ டின், சாஸ் போத்தல், சவர்க்காரப் புட்டி, நாளிதழ், அட்டைப்பெட்டி எல்லாம் இதில் சேரும். பொது இடங்களில் உள்ள மறுசுழற்சித் தொட்டிகளில் நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு நெகிழிக்கும் டின்களுக்கும். தொட்டியைத் தேடிப் போக முடியாதவர்களுக்கு, ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ என்று கூவியபடி வரும் லாரி இருக்கவே இருக்கிறது. கிடைப்பது சில வெள்ளிதான் என்றாலும் பிள்ளைகளின் உண்டியலுக்கு அது வரவு.

சேர்த்து வைக்கும் இடத்தில் ஒரு கவனம் தேவை. திறந்த டின்னையும் போத்தலையும் வீட்டுக்கு வெளியே மழை படும்படி வைத்தால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டில். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே கூரைக்குக் கீழே, கவிழ்த்து வைக்க வேண்டும். பூச்சட்டித் தட்டு, கொட்டாங்கச்சி, கால்வாய் மூலை ஆகியவற்றையும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பார்த்துவிட்டால் டிங்கிக் காய்ச்சல் அபாயம் குறையும்.

குப்பையைப் பிரிப்பது சில மாநிலங்களில் சட்டக் கடமையும்கூட. 2007ஆம் ஆண்டு திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தின் கீழ், 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் எந்தக் கிழமை எதை எடுக்கிறார்கள் என்பதைத் தங்கள் ஊராட்சி மன்றத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வாளியில் எரு தயாராவது எப்படி?

ஈரக் கழிவை எருவாக்கப் பெரிய நிலம் வேண்டியதில்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று போதும். நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, இரண்டு செங்கல் மேல் ஏற்றி நிழலில் வைக்க வேண்டும். அடியில் ஒரு கை உயரத்துக்குக் காய்ந்த இலை அல்லது தேங்காய் நார். அதன் மேல் அன்றைய கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதைப் போல இரண்டு மடங்கு காய்ந்த இலையால் மூட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் காற்று உள்ளே போகும். காற்று இருந்தால் மீத்தேனும் வராது, நாற்றமும் வராது.

போடக்கூடியவை: காய்கறி, பழத் தோல், தேயிலைத் தூள், காப்பிச் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு, கறிவேப்பிலைக் காம்பு, கிழித்த வாழையிலை, பூஜைக்கு வைத்து வாடிய பூ. போடக்கூடாதவை: மீன், இறைச்சி, எலும்பு, பால், எண்ணெய், சமைத்த உணவு. இவை எலியை அழைக்கும். தேங்காய்ச் சக்கையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அதைச் சிறிதளவே சேர்க்கலாம்.

நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். காய்ந்த இலையைக் கூட்டிக் கிளற வேண்டும். பல நாளாகியும் எதுவும் மாறவில்லை என்றால் வறண்டுவிட்டது. சிறிது தண்ணீர் தெளிக்கலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணியைப் போல ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. புழு தென்பட்டால் பயந்து கொட்டிவிட வேண்டியதில்லை. அது கழிவைத் தின்று வேலையை விரைவாக்குகிறது. மேலே இலையைத் தடிமனாகப் போட்டால் குறைந்துவிடும்.

வாளி நிறைந்ததும் அதை அப்படியே விட்டு, இரண்டாவது வாளியைத் தொடங்கலாம். நம் நாட்டு வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மண் வாசனையோடு உதிரும் எரு கிடைக்கும். ஒரு பங்கு எருவுக்கு மூன்று பங்கு மண் கலந்து சட்டியில் போட்டால் மிளகாய், கறிவேப்பிலை, பாண்டான், வல்லாரை நன்றாக வரும்.

மாடி வீடுகளில் வாளிக்கு இடமில்லாமல் போகலாம், நடைபாதையில் வைத்தால் அண்டை வீட்டாரின் மனக்கசப்பும் வரலாம். அவர்கள் எரு செய்யாவிட்டாலும் ஈரத்தைப் பிரிப்பதில் பலன் உண்டு. கழிவைச் சல்லடையில் வடித்து, பழைய நாளிதழில் பொட்டலமாகக் கட்டிப் போட்டால் பை ஒழுகாது, நாற்றமும் பாதியாகும். மீன் கழிவை லாரி வரும் நாள்வரை பழைய டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைக்கலாம். அருகில் சமூகத் தோட்டம் இருந்தால் காய்கறித் தோலை அங்கே கொடுக்கலாம்.

பலகாரம் சுட்ட எண்ணெய்

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட பிறகு சட்டியில் மிஞ்சும் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிவிடுவது பல வீடுகளில் வழக்கம். அது குழாயில் சோற்றுப் பருக்கையோடும் சவர்க்காரத்தோடும் சேர்ந்து படிந்து, நாளடைவில் அடைத்துவிடுகிறது. குழாய் பழுதுபார்க்க வருபவருக்குக் கொடுக்கும் பணம் அந்த எண்ணெயின் விலையைவிடப் பல மடங்கு.

எண்ணெயை ஆறவிட்டு, வடிகட்டி, காலிப் போத்தலில் சேர்த்து வைத்தால் அதை வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கப்படுவதே காரணம். அதை மீண்டும் சமையலுக்கு விற்பவர்களிடம் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. எங்கே போகிறது என்று கேட்டுக் கொடுப்பது நல்லது. சட்டியில் ஒட்டிய சிறிதளவு எண்ணெயைக் கழுவுவதற்கு முன் பழைய தாளால் துடைத்தெடுத்தால் சவர்க்காரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்.

மிஞ்சாமல் சமைப்பதே முதல் சேமிப்பு

எருவாக்குவதைவிட நல்லது, குப்பையே ஆகாமல் பார்த்துக்கொள்வது. ஒரு வாரம் மட்டும், கொட்டுவதை எல்லாம் நாள்காட்டியில் குறித்து வைத்தால் வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம் தெரியவரும். ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டில் கீரை, மற்றொன்றில் குளிர்பெட்டியின் பின்பக்கம் மறந்துபோன டப்பா. சோறுதான் மிஞ்சுகிறது என்றால் அரை டின் அரிசியைக் குறைத்துப் போட்டாலே தீர்ந்தது. மிஞ்சிய சோற்றைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் பசியாறலுக்கு எலுமிச்சைச் சோறாகவோ பிரட்டலாகவோ ஆகும்.

கடைப் பைக்கும் இதே கணக்கு. 20 சென் என்பது சிறிய தொகைதான். வாரத்துக்கு ஐந்து பை வாங்கினால் ஆண்டுக்கு 52 ரிங்கிட் ஆகிறது. மோட்டார்சைக்கிள் இருக்கைக்கு அடியிலும் காரிலும் இரண்டு துணிப்பை இருந்தால் அந்தப் பணம் வீட்டிலேயே நிற்கும்.

அம்மாவின் தலையில் இன்னொரு வேலையா?

இப்படிப்பட்ட நல்ல பழக்கங்கள் பல வீடுகளில் இரண்டு வாரத்தில் நின்றுபோகின்றன. சோம்பலைவிட, வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுவதே அதற்குக் காரணமாகிறது. சமைப்பதும் கழுவுவதும் ஏற்கெனவே அம்மாவின் பொறுப்பாக இருக்கும் வீட்டில், அலசுவது, பிரிப்பது, கிளறுவது, வடிகட்டுவது எல்லாம் அவருக்கே சேர்ந்தால் அது சுற்றுச்சூழல் அக்கறை ஆகாது, கூடுதல் சுமைதான் ஆகும்.

எனவே தொடங்கும் நாளிலேயே வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட தட்டை அவரவரே வழித்து வாளியில் போடுவது. மறுசுழற்சிப் பையை எடுத்துச் செல்வது அப்பாவின் வேலை. எரு வாளியைக் கிளறுவதும் காய்ந்த இலை பொறுக்குவதும் பிள்ளைகளின் வேலை. பழைய சாமானைப் பணமாக்குவதும் அவர்களுடையதே. செடிக்கு எரு போடும் பக்குவம் தாத்தா பாட்டிக்குத் தெரியும். ஒருவர் ஒருநாள் தவறினாலும் பழக்கம் நிற்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. முதல் வாரம் கொட்டுவதைக் குறித்து வைப்பது, இரண்டாம் வாரம் வாளியும் பையும், மூன்றாம் வாரம் எண்ணெய்ப் போத்தல், நான்காம் வாரம் எரு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரு மாதம் கழித்து, லாரிக்கு வெளியே வைக்கும் பை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போதும். முன்பு மூன்று பை வைத்த வீட்டில் ஒன்றோ ஒன்றரையோதான் இருக்கிறது என்றால், அந்தக் குடும்பம் சரியான வழியில் போகிறது.