ஆர்எக்ஸ் 100-க்கு என்ன விலை? பழைய பைக்கின் மதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

அப்பா வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 வீட்டுப் போர்டிகோவில் துணி போர்த்தி நிற்கிறது. ‘35 ஆயிரம் தர்றேன், இன்னிக்கே எடுத்துக்கிறேன்’ என்கிறார் தெரிந்த மெக்கானிக். ஆன்லைன் விளம்பரத்தைத் திறந்தால், அதே மாடலுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். இரண்டில் எது சரியான விலை?

இரண்டுமே சரியாக இருக்கலாம், இரண்டுமே தப்பாகவும் இருக்கலாம். பழைய பைக்குகளுக்கு அச்சடித்த விலைப் பட்டியல் கிடையாது. வண்டியைப் பற்றி எவ்வளவு விஷயங்களை ‘நிரூபிக்க’ முடிகிறது என்பதை வைத்துத்தான் விலை முடிவாகிறது. விற்கப் போகிறவர்களுக்கும், முதல் சம்பளத்தில் ஆசைப்பட்டு வாங்கப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

ஏன் இவ்வளவு கிராக்கி?

எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து யமஹா இந்தியாவில் 1985-ல் அறிமுகம் செய்த வண்டி ஆர்எக்ஸ் 100. 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன், 4 கியர். வண்டியின் எடை ஏறத்தாழ 100 கிலோதான். எடை குறைவு, சக்தி அதிகம் என்பதால் சீறிக்கொண்டு கிளம்பும். 1996-ல் உற்பத்தி நின்றுபோனது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகிக்கொண்டே வந்ததால், அதே வடிவில் டூ ஸ்ட்ரோக் பைக் திரும்பி வர வாய்ப்பில்லை.

ஆக, இருக்கும் வண்டிகள் மட்டும்தான் இனி இருக்கும். அதிலும் பெரும்பாலானவை அடித்து ஓட்டப்பட்டவை, சைலன்சர் மாற்றப்பட்டவை, நான்கைந்து முறை பெயிண்ட் கண்டவை. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும் வண்டி அரிது. அந்த அரிதான தன்மைக்குத்தான் கூடுதல் பணம்.

இன்ஷூரன்ஸ் கணக்கு உதவுமா?

உதவாது. காப்பீட்டில் வண்டியின் மதிப்பை ‘ஐ.டி.வி.’ என்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு சதவீதம் மதிப்பு குறையும் என்பதற்கு அட்டவணை உண்டு. 4 முதல் 5 ஆண்டு ஓடிய வண்டிக்கு 50 சதவீதம் கழிவு. அதோடு அட்டவணை முடிந்துவிடுகிறது. 5 ஆண்டுகளைத் தாண்டிய வண்டியின் மதிப்பு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான்.

30 வயது பைக்கின் சந்தை விலையும் அப்படித்தான், பேசி முடிப்பது. ஆனால் பேசுவதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும்.

முதலில் பேப்பர், பிறகுதான் பைக்

வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஆர்.சி. சரியாக இல்லையென்றால் அது சட்டப்படி ஓட்ட முடியாத காட்சிப் பொருள். அதற்கு முழு விலை தரக் கூடாது.

* எண் பொருத்தம்: சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். எண்களைச் சுற்றி அரைத்த தடமோ, வெல்டிங் அடையாளமோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

* பதிவு எண்: இப்போதைய ‘டி.என். 01’ பாணிப் பதிவு எண்கள் 1989-ல்தான் வந்தன. அதற்கு முன் தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் ‘டி’ எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துப் பதிவு இருக்கும். 1987 மாடல் என்று சொல்லும் வண்டியில் புது பாணி எண் இருந்தால், வெளி மாநிலத்திலிருந்து வந்ததா, மறுபதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

* புதுப்பிப்பு: சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் பேச்சு வழக்கில் ‘எஃப்.சி. காட்டுறது’ என்கிறோம். 20 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர வாகனத்துக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு 2,000 ரூபாயாக உயர்த்தியது. ஜி.எஸ்.டி., பசுமை வரி எல்லாம் தனி. பல ஆண்டுகள் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு விலை பேசுவதே புத்திசாலித்தனம்.

* ஆன்லைன் பதிவு: எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள். மிகப் பழைய வண்டிகளின் விவரம் சில நேரம் கணினியில் ஏறியிருக்காது. அதனாலேயே அது திருட்டு வண்டி ஆகிவிடாது. ஆனால் அதை ஏற்றித் தரும் வேலை விற்பவருடையது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

* பெயர் யாருடையது? முதல் உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிய பிறகே விற்பது முறை. உயிருடன் இருக்கும் உரிமையாளர் விற்பதென்றால் படிவம் 29, 30. ‘கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்கு சார், பெயர் அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுத்தால், பிற்பாடு அலைச்சல் வாங்கியவருக்குத்தான். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், தலைவலி விற்றவருக்கும் உண்டு.

‘ஒரிஜினல்’ வேறு, ‘ரீஸ்டோர்’ வேறு

விலையைப் பெரிதாக மாற்றும் இடம் இதுதான். புதுசு போல மின்னும் வண்டி இரண்டு வகை. ஒன்று, ஆரம்பத்திலிருந்தே பத்திரமாக வைக்கப்பட்டது. இன்னொன்று, சமீபத்தில் பிரித்துப் பெயிண்ட் அடித்து, குரோம் பூசி, ஸ்டிக்கர் ஒட்டிப் புதுப்பிக்கப்பட்டது. இரண்டாவதைக் காசு கொடுத்தால் யாரும் உருவாக்கலாம். முதலாவதை எவ்வளவு காசு கொடுத்தாலும் உருவாக்க முடியாது. ஒரு வண்டி ஒருமுறைதான் ஒரிஜினலாக இருக்க முடியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். சைடு பேனலைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். டேங்கின் அடிப்பகுதி, ஹெட்லைட் பின்புறம், ஒயர்கள், ரப்பர் துண்டுகள் ஆகியவற்றில் பெயிண்ட் தூவல் படிந்திருந்தால் மறுபெயிண்ட்தான். குரோம் மட்கார்டுகளின் உள்வளைவில் துருக் குழிகளின் மேலேயே புதுப் பூச்சு தெரிந்தால், அதுவும் மறுவேலை. டேங்க் மூடியைத் திறந்து போன் டார்ச்சை அடியுங்கள். வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும் டேங்க், உள்ளே செம்மண் மாதிரி இருப்பது சகஜம்.

கிலோமீட்டர் மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். அது கேபிளில் ஓடுவது. கேபிள் அறுந்தபடி வண்டி பல வருடம் ஓடியிருக்கலாம். கிக்கர் ரப்பர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடலின் தேய்மானம் ஆகியவை மீட்டரைவிட உண்மை பேசும்.

ஆகவே விற்பவர்கள் கவனிக்க: விற்பதற்கு முன் ‘கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிடலாம்’ என்று பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். மங்கிய ஒரிஜினல் பெயிண்ட்டுக்குச் சேகரிப்பாளர் தரும் மதிப்பைப் புதிய பெயிண்ட் கொண்டு வராது. துடைத்து, கழுவி, பழைய பில், சாவி, டூல் கிட் இருந்தால் எடுத்து வைத்தாலே போதும்.

ஓடாமல் நின்ற வண்டி நல்ல வண்டியா?

‘10 வருஷமா வீட்டுக்குள்ளயே நிக்குது, ஓட்டவே இல்ல’ என்பதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெயிண்ட்டுக்கு அது நல்லது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு நல்லதல்ல.

இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் கலந்த காற்று முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் நுழைந்து, அங்கே அழுத்தப்பட்டு, பிறகு சிலிண்டருக்கு ஏறுகிறது. அதனால் அந்த அறையில் காற்று கசியவே கூடாது. அதைக் காப்பவை கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள். பல ஆண்டுகள் நின்ற வண்டியில் இந்த ரப்பர் சீல்கள் காய்ந்து விறைத்துப்போகும். மேக்னெட் பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் ‘சீஸ்’ ஆகலாம். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி, புகை நிற்காமல் வரும்.

சீல் மலிவானதுதான். ஆனால் அதை மாற்ற இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரித்த பிறகு பேரிங், கனெக்டிங் ராடு என்று செலவு நீளும். எனவே நின்ற வண்டி என்றால் ஒரு முழு இன்ஜின் வேலைக்கான தொகையைக் கழித்தே விலை பேசுங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ‘எத்தனை முறை போர் பண்ணியிருக்கு?’ சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை நெருங்கிவிட்டால் அடுத்த செலவு பெரியது. ‘ஆயில் பம்ப் வேலை செய்கிறதா?’ அதைத் துண்டித்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் ஊற்றி ஓட்டும் வண்டிகள் நிறைய. ஓட்டுவதில் பிரச்சினையில்லை, ஒரிஜினல் என்று சொல்லி விலை ஏற்ற மட்டும் முடியாது. ஆர்எக்ஸ் 135-ன் சிலிண்டரை மாட்டியிருந்தால் வேகம் கூடும், மதிப்பு குறையும். ஆர்.சி.யில் 98 சிசி என்று இருக்க, வண்டி வேறாக இருப்பது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படியும் சிக்கல்.

‘வின்டேஜ்’ என்று சொல்லலாமா?

விளம்பரத்தில் சொல்லலாம், சட்டத்தில் முடியாது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, ஒரிஜினல் நிலையில் பராமரிக்கப்பட்ட வாகனமே ‘வின்டேஜ்’. முதல் ஆர்எக்ஸ் 100-க்கே 2035-ல்தான் 50 வயது. அந்தப் பிரிவில் பதிவு செய்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. ஆகவே ‘வின்டேஜ் சார், அதான் இந்த ரேட்’ என்றால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

சரி, எண் எப்படி வரும்?

கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. மாதக்கணக்கில் விற்காமல் நிற்கும் விளம்பரத்தை வைத்து விலை போடக் கூடாது. உங்கள் ஊரில், பேப்பர் சரியாக உள்ள, ஓடும் நிலையிலான சாதாரண வண்டி உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று இரண்டு மூன்று மெக்கானிக்குகளிடம் விசாரியுங்கள். அதுதான் அடித்தளம்.

ஒரு கற்பனைக் கணக்கு: அடித்தளம் 50,000 ரூபாய். அந்தச் சாதாரண வண்டியை முழுமையாகப் புதுப்பிக்க உங்கள் ஊரில் 40,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நன்றாகப் புதுப்பித்த வண்டிக்கு உச்ச வரம்பு 90,000. அதற்கு மேல் கேட்டால், சாதாரண வண்டியை வாங்கி நீங்களே செய்துகொள்ளலாம். பத்திரமாக வைக்கப்பட்ட ஒரிஜினல் வண்டி மட்டுமே அந்த வரம்பைத் தாண்டிக் கேட்கத் தகுதியானது. அதிலிருந்தும் இன்ஜின் வேலை, புதுப்பிப்புக் கட்டணம், டயர், பேட்டரி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். இன்ஜினுக்கு 15,000, மற்றவைக்கு 10,000 என்றால், 1,10,000 கேட்கும் ஒரிஜினல் வண்டிக்கு நீங்கள் சொல்ல வேண்டியது 85,000.

வரம்புக்கு மேல் எவ்வளவு தரலாம் என்பது ஒரே கேள்வியைப் பொறுத்தது: ஓட்டவா, வைத்திருக்கவா? தினமும் ஆபீஸுக்கு ஓட்டப் போகிறவருக்கு ஒரிஜினல் பெயிண்ட்டுக்கான கூடுதல் தொகை வீண். முதல் மழையிலும் முதல் பார்க்கிங் உரசலிலும் அது போய்விடும். அவருக்கு இன்ஜின் நன்றாக உள்ள, சுமாரான தோற்றமுள்ள வண்டியே லாபம். பத்திரப்படுத்தப் போகிறவருக்கு இது தலைகீழ். இன்ஜினைச் சரிசெய்யலாம், பெயிண்ட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

விற்பவர், வாங்குபவர் இருவருமே பேச உட்காரும் முன் தங்கள் கடைசி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கிக் அடித்து அந்தச் சத்தம் கேட்ட பிறகு யாருக்கும் கணக்கு சரியாக வராது.