குறட்டையின் கடுமையை ரத்தம் சொல்லுமா?

உத்திரமேரூர் பக்கம் ஒருவர் சத்தமாகக் குறட்டை விட்டால், ‘உழைத்த களைப்பு, அசந்து தூங்குகிறார்’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அந்தச் சத்தம் நடுவில் சட்டென நின்று, திணறலோடு மூச்சு திரும்பினால் அதைக் களைப்பு என்று ஒதுக்கக் கூடாது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழியை அடைக்கும் ‘ஸ்லீப் அப்னியா’வாக அது இருக்கலாம்.

எப்படி அளக்கிறார்கள்?

குறைந்தது 10 விநாடிக்கு மூச்சு நிற்பதோ குறைவதோ மணிக்கு எத்தனை முறை நேர்கிறது என்பதே கணக்கு. 5 முதல் 15க்குள் என்றால் லேசானது. 15 முதல் 30க்குள் நடுத்தரம். 30ம் அதற்கு மேலும் கடுமையானது. மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன் ஆகியவற்றை இரவு முழுக்கப் பதிவுசெய்து இதைக் கண்டறிவார்கள். வீட்டிலேயே செய்யும் எளிய முறையும் உண்டு. கூலியை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய் ஓர் இரவு தங்குவது கிராமத்தாருக்குச் சுலபமல்ல. ரத்தப் பரிசோதனையே போதாதா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

ரத்தத்தில் என்ன தெரியும்?

ஆக்சிஜன் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் உடலில் அழற்சி தூண்டப்படுகிறது. அழற்சியின்போது சுரக்கும் ஐ.எல்-6 என்ற புரதம் கூடும்போது கல்லீரல் சி.ஆர்.பி. புரதத்தை அதிகம் சுரக்கிறது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் கடுமைக்கேற்ப உயர்வதை ஆய்வுகள் கண்டுள்ளன. கரியமில வாயு தேங்குபவர்களுக்கு பைகார்பனேட் ஏறும்.

ஏன் அது மட்டும் போதாது?

சி.ஆர்.பி. காய்ச்சலிலும் ஏறும், பருமனிலும் ஏறும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் கிராமத்துப் பெண்களிடம் ரத்தசோகை பரவலானது. லேசான நிலையில் உள்ளவரின் அளவும் கடுமையான நிலையில் உள்ளவரின் அளவும் ஒன்றாகவே இருந்துவிடுவதும் உண்டு. ஆக, உடலுக்கு என்ன சேதம் நேர்ந்திருக்கலாம் என்பதை ரத்தம் கோடிகாட்டும்; மூச்சு எத்தனை முறை நின்றது என்று எண்ணிச் சொல்லாது. யாரை முதலில் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய மருத்துவருக்கு அது துணையாகலாம்.

என்ன செய்யலாம்?

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரை போட்டும் அழுத்தம் அடங்காததற்கு ஸ்லீப் அப்னியாவும் காரணமாக இருக்கலாம் என்பதால், அப்படிப்பட்டவர் வீட்டில் குறட்டையைப் பற்றியும் அவர்களிடம் சொல்லுங்கள். மூச்சு நிற்பது தூங்குபவருக்குத் தெரியாது என்பதால், அருகில் படுப்பவர்தான் இதில் முதல் சாட்சி. பகலில் டிராக்டரோ பைக்கோ ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால், சி.ஆர்.பி. சரியாகவே இருந்தாலும் தூக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.