ஒரு சோறு பதமாகுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. சோற்றுக்கு இது பொருந்தும். வண்டியின் என்ஜினுக்கும் பொருந்துமா? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இது.

என் தந்தை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். பழைய வேனின் டீசல் என்ஜின் இனித் தேறாது என்றாகிவிட்டது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, செகண்ட் ஹேண்ட் வேன் ஒன்று வாங்குவதென முடிவாயிற்று. இரண்டு வகை வண்டிகள் விலைக்கு வந்தன. பக்கத்து வீட்டு மாமா, "முதல் வகை வேண்டவே வேண்டாம். பட்டறையில் போய்ப் பாருங்கள். என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும் 10 வண்டிகளில் 7 அந்த வகைதான்!" என்றார். அப்பா பயந்துவிட்டார்.

எனக்கோ சிஸ்டர் நடத்திய புள்ளியியல் பாடம் நினைவுக்கு வந்தது. "ஊரில் ஓடும் எத்தனை வண்டிகளில் அந்த ஏழு, அப்பா?" என்று கேட்டேன். யாருக்கும் விடை தெரியவில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். ஊரில் முதல் வகை 140, இரண்டாம் வகை 20 ஓடுகின்றன என வைத்துக்கொள்வோம். முதல் வகையில் 140-க்கு 7 பழுது என்றால் நூற்றுக்கு 5. இரண்டாம் வகையில் 20-க்கு 3 பழுது என்றால் நூற்றுக்கு 15. பட்டறையில் குறைவாகத் தெரிந்ததே உண்மையில் மூன்று மடங்கு பழுதாகிறது! பின்னத்தின் மேல் எண்ணை மட்டும் பார்த்து, கீழ் எண்ணை மறந்தால் வரும் பிழை இது. ஓடிய தூரத்தையும் மறக்கக் கூடாது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வேனையும் 300 கிலோமீட்டர் ஓடும் லாரியையும் வயதை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது.

இனி "ஒரு சோறு" பார்ப்போரின் கதை. கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில், 1976-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 240 டி டீசல் டாக்சி ஒன்று 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004-இல் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்தை அடைந்தது. இதைக் கேட்டவர் "டீசல் என்ஜினுக்கு அழிவே இல்லை" என்பார். ஆனால் அந்த வண்டியில் என்ஜின் பலமுறை மாற்றப்பட்டது என்பதை அவர் விசாரிப்பதில்லை.

இதற்கு எதிரான கதையும் உண்டு. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் 1978 முதல் 1985 வரை 5.7 லிட்டர் டீசல் என்ஜினைக் கார்களில் பொருத்தியது. டீசல் என்ஜினில் பிளக் பொறி கிடையாது. காற்றை 15 முதல் 22 மடங்கு வரை நெருக்கும்போது எழும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அத்தகைய அழுத்தத்துக்கு, பெட்ரோல் என்ஜினில் இருந்த அளவு ஹெட் போல்ட்டுகளே போடப்பட்டன. டீசலில் கலந்த நீரைப் பிரிக்கும் கருவியும் இல்லை. ஆகவே பல என்ஜின்கள் பழுதாயின. குறை அந்த அமைப்பினுடையது. ஆனால் மக்களில் பலர் எல்லா டீசல் கார்களையுமே வெறுத்தனர்.

மூன்றாவது பிழை நுட்பமானது. "அந்தக் காலத்து என்ஜின்தான் உறுதி, இன்றும் ஓடுகிறது பார்" என்பார்கள். ஓடாதவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டனவே! அவற்றை யார் எண்ணினார்கள்? இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், ஆபிரகாம் வால்டு என்ற கணித அறிஞர் இதையே ஆராய்ந்தார். போரிலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டுத் துளைகள் குறைவாக இருக்கும் இடமே ஆபத்தான இடமாகலாம். ஏனெனில் அங்கே அடிபட்டவை திரும்பி வரவேயில்லை. இவ்வறிஞர் நம் நாட்டுக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது, 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் மனைவியுடன் உயிர் நீத்தார் என்று படித்தபோது என் மனம் கலங்கியது.

அப்படியானால் பழமொழி பொய்யா? இல்லை. ஒரே பானையில், ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த அரிசிக்கு ஒரு சோறு பதம்தான். என்ஜின்களோ வெவ்வேறு பானையில் வெந்தவை. ஒன்றுக்கு எண்ணெய் தவறாமல் மாற்றப்பட்டது, ஒன்றுக்கு மாற்றப்படவில்லை. ஒன்று மலையேறியது, ஒன்று சமவெளியில் ஓடியது.

அப்பா வேன் ஸ்டாண்டில் விசாரித்தார். எங்கள் ஊரில் முதல் வகை வண்டிகளே மிக அதிகம் என்று தெரிந்தது. மாமாவின் "ஏழு" அச்சுறுத்தும் எண்ணல்ல என்று புரிந்தது. ஆனாலும் அதை மட்டும் நம்பி அவர் வாங்கிவிடவில்லை. மெக்கானிக்கை அழைத்துச் சென்று, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்கச் சொன்னார். எண்ணெய் மாற்றிய கணக்கையும் கேட்டார். அதன் பிறகே முதல் வகையில் ஒரு வேனை வாங்கினார். அது நெடுநாள் உழைக்குமா என்பதை ஒரு வண்டியை வைத்து நான் சொல்லக் கூடாது அல்லவா?

தோழியரே, எண்கள் பொய் சொல்வதில்லை. அரைகுறையாகக் கேட்பவர் நாமே. இனி யாரேனும் "பத்தில் ஏழு" என்றால், "எந்தப் பத்து?" என்று பணிவோடு கேட்போம். தீர விசாரிப்பதே மெய்!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு