‘ஹை ரிஸ்க்’ என்று வந்தால்

வாசகி ஒருவர் கேட்கிறார்: “பன்னிரண்டாவது வாரம். ரத்தப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோமுக்கு ‘ஹை ரிஸ்க்’ என்று வந்திருக்கிறது. 99 சதவீதம் துல்லியமாம். அப்படியென்றால் உறுதிதானா?”

உறுதி இல்லை. 1997இல் டென்னிஸ் லோ என்ற ஆய்வாளரின் குழுவினர் தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதப்பதைக் காட்டினார்கள், 2011இல் அதை வைத்துச் செய்யும் இந்தப் பரிசோதனை விற்பனைக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

கர்ப்பிணியின் ரத்தத்தைப் பழைய பேப்பர் கடை மூட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லாம் கிழிசல். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தாய் வீட்டுப் பேப்பர், ஒரு பங்கு கரு வீட்டுப் பேப்பர். எது யாருடையது என்று பிரிக்க வேண்டியதில்லை. மொத்தமாகக் கொட்டி, 21ஆம் பக்கத்துக் கிழிசல்களை, அதாவது 21ஆம் குரோமோசோமின் துணுக்குகளை, எண்ணினால் போதும். கரு வீட்டில் அந்தப் பக்கம் இரண்டுக்குப் பதில் மூன்று பிரதி இருந்தால் (அதுதான் டவுன் சிண்ட்ரோம்), 100 வர வேண்டிய இடத்தில் 105 வரும். அந்த ஐந்தைப் பிடிக்கத்தான் லட்சக்கணக்கான துணுக்குகளைக் கருவி எண்ணுகிறது. எத்தனை அழகான வேலை!

ஆனால் மூட்டையில் பேப்பர் போட்டது குழந்தை அல்ல, சுவர் ஒட்டிய வீடான நஞ்சுக்கொடி. இரண்டும் ஒரே குடும்பம். பெரும்பாலும் ஒரே பேப்பர்தான் வாங்கும். சில சமயம் கூடுதல் பிரதி நஞ்சுக்கொடியில் மட்டும் இருக்கும், குழந்தையிடம் இருக்காது.

விளம்பரத்தின் 99 சதவீதத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரத்தில் ஒரு கருவுக்கு டவுன் சிண்ட்ரோம், ஆயிரத்தில் ஒருவருக்குப் பரிசோதனை தவறாக எச்சரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேரில் உண்மை எச்சரிக்கை பத்து, பொய் எச்சரிக்கையும் பத்து. இளம் தாய்க்குப் பாதிக்குப் பாதிதான். வயது ஏற ஏற உண்மையின் பங்கு கூடும். அரிதான நுண்குறைபாடுகளுக்குக் கூடுதல் பணம் வாங்கிச் செய்யும் பரிசோதனைகளில் பொய்யின் பங்கு இன்னும் அதிகம்.

உறுதிப்படுத்த, பதினைந்து வாரம் முடிந்தபின் ஊசியால் பனிக்குட நீர் எடுப்பார்கள். செல்களை வளர்த்துக் குரோமோசோம்களைப் பார்க்க இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை வயிற்றில் கைவைக்கவே பயந்து, வளைகாப்புப் பேச்சைத் தள்ளிப்போட்டு, “நான் என்ன சாப்பிட்டேன்?” என்று இரவெல்லாம் குமைகிற பெண்ணுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கூடுதல் குரோமோசோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே தற்செயலாக நேர்வது. சாப்பாடும் காரணமில்லை, குடும்ப ரத்தமும் அநேகமாகக் காரணமில்லை. மாமியாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

எந்தக் குழந்தையானாலும் பெற்றுக்கொள்வோம் என்று பரிசோதனையே வேண்டாம் என்பவர்கள் உண்டு. பெற்றுக்கொள்ளத்தான் போகிறோம், ஆனாலும் தெரியட்டும் என்பவர்களும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருப்பதால், பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று முன்கூட்டியே முடிவுசெய்யலாம். கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கும் வலி குறைவில்லை. ரத்தம் எடுப்பதற்கு முன்பே இவ்வளவையும் உட்கார்ந்து பேச மருத்துவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள்.