சாக்பீஸ் பிடிக்க மறுத்த விரல்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, முதல் பாடவேளை. கரும்பலகையில் தேதி எழுதச் சாக்பீஸை எடுத்தேன், விரல்கள் மடங்கவில்லை. பதினோரு மணிக்குள் சரியாகிவிட்டது. 'பதினெட்டு வருடம் எழுதிய கைதானே, தேய்மானமாக இருக்கும்' என்று நானே முடிவு செய்து, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி ஏழு மாதங்களை ஓட்டினேன். அறிவியல் ஆசிரியையான நானே செய்த தவறு அது. வேறு எவரும் அதைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்திருந்தது முடக்குவாதம். மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வில் குறையும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. தூங்கி எழும்போது மூட்டுகள் இறுகிக் கிடக்கும்; அது தளர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மணிக்கட்டுகள், விரல்களின் அடி மூட்டுகள், நடு மூட்டுகள் பெரும்பாலும் இரு கைகளிலும் ஒருசேர வீங்கும். நகத்தை ஒட்டிய நுனி மூட்டு பொதுவாகத் தப்பிவிடும். உடல் சோர்வு, லேசான காய்ச்சல், இரத்தசோகையும் சேர்ந்து வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? நம் புரதங்களில் உள்ள அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி சிட்ருலினாக மாற்றுவதுண்டு. புகைபிடிப்போரின் நுரையீரலிலும் நாள்பட்ட ஈறு நோயிலும் இம்மாற்றம் மிகுகிறது. சிலரது உடலில் டி செல்கள் இப்படி மாறிய சொந்தப் புரதத்தை அந்நியப் பொருளாகக் கருதிவிடுகின்றன; பி செல்கள் வழியே அதற்கு எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. மூட்டின் உட்புறத்தில் ஓரிரு செல் அடுக்கே கொண்ட மெல்லிய சைனோவியல் சவ்வு உள்ளது. வெள்ளையணுக்கள் அங்கே குவிந்து டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 ஆகிய வேதித் தூதுகளைச் சுரக்கின்றன. சவ்வு தடித்துப் படர்ந்து குருத்தெலும்பை அரிக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. இந்த எதிர்ப்பொருள்கள் வலி தொடங்கப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் இருக்கக்கூடும். அவற்றைக் கண்டறிவதே ஆன்டி-சிசிபி பரிசோதனை.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடிகளை நடத்திய மறுநாள், ஒரு மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்தாள். புன்னட் கட்டம் வரைந்து, அதில் பாதியை நிழலிட்டிருந்தாள். "எங்கம்மா கையும் உங்க கை மாதிரியேதான் இருக்கு டீச்சர். அப்ப எனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பா?"

இல்லை என்றேன். இது ஒற்றை மரபணு நோய் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் இதில் சிறிது சிறிதாகப் பங்கு வகிக்கின்றன. அவற்றுள் முக்கியமானது ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1. புரதத் துண்டுகளை டி செல்களுக்கு ஏந்திக் காட்டும் மூலக்கூறை உருவாக்கும் மரபணு அது. அதன் சில வகைகள் சிட்ருலின் கொண்ட துண்டுகளை இறுகப் பற்றிக் காட்டுகின்றன. ஆனாலும், ஒரே மரபணுக்கள் கொண்ட ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றில் சுமார் 15 பேருக்குத்தான். மரபு வாய்ப்பைக் கூட்டுகிறது, தீர்ப்பு எழுதிவிடுவதில்லை.

அவள் முகம் தெளிந்தது. அவள் அம்மா தைலம் மட்டுமே தேய்த்துவந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவரை அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். இப்போது சிகிச்சையில் இருக்கிறார். நோயைக் கட்டுப்படுத்த முதலில் தரப்படும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வாரம் ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மாத்திரை இது. தவறிப்போய்த் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். நான் வீணாக்கிய ஏழு மாதங்களின் விலை, இன்றும் முழுதாக நிமிராத என் மோதிர விரல்.

இன்னொன்றையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பதினாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் மூட்டழற்சி வருவதுண்டு. காலையில் நொண்டியபடி தாமதமாக வந்து, மதிய இடைவேளையில் ஓடி விளையாடும் குழந்தையை நாம் 'நடிக்கிறான்' என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை அதட்டுவதற்கு முன், அந்தக் குழந்தையின் முழங்கால் வீங்கியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்ப்போம்.