ஒரு மயிரிழையும் ஓர் அறிஞரும்

தம் நிலை தாழ்ந்தோர்க்கு, தலையினின்றும் வீழ்ந்த மயிரை உவமையாக்கினார் வள்ளுவர். யானும் பல்லாண்டு அவ்வுவமையை மாணவர்க்கு விரித்துரைத்தவனே. ஆயின், மயிரையே ஆய்வுப்பொருளாகக் கொண்டு புகழெய்திய ஒருவரின் வரலாறு அண்மையில் என் சிந்தையைக் கவர்ந்தது.

அவர் வில்லியம் அஸ்ட்பரி. இங்கிலாந்தில் மட்பாண்டத் தொழிலாளி ஒருவரின் மகனாய் 1898இல் பிறந்தவர். 1928இல் லீட்ஸ் பல்கலைக்கழகம் சேர்ந்து, கம்பளியின் அமைப்பை ஆராயலானார். ஆட்டுமயிர்க்கும் நம் தலைமயிர்க்கும் கெரற்றின் என்னும் புரதமே முதற்பொருள். இழையினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறி வீழும் கோலத்தை அவர் படமாக்கினார். ஈரமயிரை இழுத்து நீட்டியபோது கோலம் வேறாயிற்று. தளர்த்தி விட்டதும் பழைய கோலமே மீண்டது. மடிந்து கிடக்கும் நெடிய மூலக்கூற்றுச் சங்கிலி இழுப்புண்டு விரிகின்றது என அவர் துணிந்தார். மடிந்த நிலைக்கு அல்பா என்றும், விரிந்த நிலைக்குப் பீற்றா என்றும் பெயரிட்டார். மயிரின் நீட்சிக்கு மூலக்கூற்றின் வடிவே காரணம் என்பது உயிரியலுக்குப் புதுவழி திறந்தது.

எனினும், அவர் வரைந்த மடிப்பின் வடிவம் பிழையாயிற்று. அல்பா நிலையில் அச்சங்கிலி சுருளாய் அமைந்துள்ளது என்பதை, 1951இல் அமெரிக்க அறிஞர் லீனஸ் போலிங்கும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்டனர். அச்சுருளுக்கும் அஸ்ட்பரி இட்ட அல்பா என்னும் பெயரே நிலைத்தது. 1961இல் அவர் மறைந்தார்.

பண்டை உரையாசிரியர் கொண்ட பொருளைப் பின்வந்தோர் மறுத்ததுண்டு. அதனால் முன்னோர் உரையை நாம் எறிந்துவிடுவதில்லை. அஸ்ட்பரியும் அத்தகையரே. பிழைபட்டமையால் அவர் நிலை தாழ்ந்திலர். இனி அக்குறளைக் கற்பிக்குங்கால், வீழ்ந்த மயிரிலும் ஆராய்தற்கு உளது என்பதையும் மாணவர்க்குச் சொல்வேன்.