பூட்டிய வண்டிக்குள் ஓடும் மின்சாரம்

கார் எஞ்சினைச் சுழற்றிவிடும்போது செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது. காரில் வேறெதுவும் இவ்வளவு மின்சாரம் கேட்பதில்லை. ஆனால் அதற்கு ஆகும் நேரம் இரண்டு நொடிதான். கணக்குப் போட்டால் ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவு 0.08 ஆம்பியர்-மணி. இப்போது அதே காரைப் பூட்டி நிறுத்துங்கள். 40 மில்லி ஆம்பியர் மட்டும் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் முடிவில் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-மணி போயிருக்கும். அதாவது, நிற்கும் வண்டி ஒரே நாளில் பன்னிரண்டு ஸ்டார்ட்டுக்கான மின்சாரத்தைச் செலவழித்துவிடுகிறது.

இதற்கு 'ஒட்டுண்ணி மின்னோட்டம்' என்று பெயர். எல்லாம் அணைந்த பிறகும் பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரம் என்று பொருள். 40 மில்லி ஆம்பியர் என்பது அரை வாட் எல்.ஈ.டி. ராத்திரி விளக்கு எரிவதற்குச் சமம். ஆரோக்கியமான காரிலும் இது உண்டு. கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சாவியின் அழைப்புக்காகக் காத்திருக்கும் ரிசீவர், எஞ்சின் கணினியின் நினைவகம் எல்லாம் இதில்தான் உயிர்வாழ்கின்றன. பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரம் தாங்கும். ஆனால் டிக்கிக்குள் ஒரு 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் நாளுக்கு 10 ஆம்பியர்-மணி போய்விடும். இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலி. டிக்கி மூடியிருப்பதால் அந்த வெளிச்சம் யார் கண்ணிலும் படாது.

இன்றைய கார்களில் பல குட்டிக் கணினிகள் இருக்கின்றன. கதவுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேகுக்கு ஒன்று. இவை பேசிக்கொள்ள 1986-இல் பாஷ் நிறுவனம் 'கேன்' என்ற தகவல் தடத்தை அறிமுகப்படுத்தியது. வண்டியைப் பூட்டியதும் இவை ஒவ்வொன்றாக உறங்கப் போகின்றன. சில கார்களில் சில நிமிடம், சிலவற்றில் அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒரே ஒரு கணினி உறங்க மறுத்துத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும், மற்றவையும் விழித்திருக்கும்.

பேட்டரியின் உள்ளே நடப்பதும் வியப்புக்குரியது. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே 1859-இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வழித்தோன்றல்தான் இன்றும் நம் பானட்டுக்குள் இருக்கிறது. செல்லுக்கு 2.1 வோல்ட் வீதம் ஆறு செல்கள். ஈய அணுவின் உட்கருவை ஒட்டிச் சுழலும் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் சுமார் 60 சதவீதத்தை எட்டுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாடு வேலையைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. செல்லின் மின்னழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த விளைவால் வருகிறது என்று 2011-இல் இயற்பியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். தினமும் காலையில் நம் வண்டியைக் கிளப்புவது ஐன்ஸ்டீனின் சமன்பாடு!

இவ்வளவு நுட்பமான பொருளை வெறுமையாகப் போட்டுவைப்பது கொடுமை. மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏறினால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் படிகங்கள் இறுகி, தகட்டின் அந்தப் பகுதி நிரந்தரமாகச் செத்துவிடும். நல்ல பேட்டரிதான் அடிக்கடி 'டவுன்' ஆகி, கடைசியில் உண்மையிலேயே கெட்ட பேட்டரியாகிறது.

சரி, இந்த மின்சாரத் திருடனைப் பிடிப்பது எப்படி? முதலில் ஓர் இரவு நின்ற பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். இவை சரி என்றால்தான் கசிவைத் தேட வேண்டும்.

மைனஸ் டெர்மினலைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைப்பது வழக்கமான முறை. (அப்போது சாவியைத் திருகிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) இணைப்பு துண்டிக்கப்பட்டுத் திரும்ப வந்தாலே எல்லாக் கணினிகளும் விழித்துக்கொள்ளும். மீட்டர் சில ஆம்பியர் காட்டிப் பயமுறுத்தும். அரை மணி நேரம் பொறுத்தால் மெல்ல இறங்கும். கதவைத் திறந்துவைத்தே சோதிக்க, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடுவார்கள். கதவு சாத்தியிருப்பதாக வண்டி நம்பி உறங்கிவிடும்!

அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். எதைப் பிடுங்கும்போது மீட்டர் சட்டென்று இறங்குகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபியூஸைத் திரும்பச் செருகும்போது கணினிகள் விழிக்கும். உறங்காமல் அடம்பிடித்த கணினி, மின்சாரம் ஒருமுறை துண்டிக்கப்பட்டதில் சரியாகிவிடவும் கூடும். குற்றவாளி கண்முன்னே நல்லவனாகிவிடுவான்.

இதற்குக் கைதேர்ந்த எலெக்ட்ரீஷியன்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஃபியூஸ் என்பது மெல்லிய உலோகப் பட்டை. அதற்கும் சில மில்லி ஓம் மின்தடை உண்டு. மின்சாரம் ஓடினால் அதன் இரு முனைகளுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் உருவாகும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளை மீட்டர் முனைகளால் தொட்டால், 100 மில்லி ஆம்பியர் கசிவுகூட ஒரு மில்லி வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். எதையும் கழற்ற வேண்டாம், எதையும் எழுப்ப வேண்டாம்.

எந்த ஃபியூஸிலும் அகப்படாத கசிவு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவில் (ஆல்டர்னேட்டரில்) இருக்கலாம். அதனுள் இருக்கும் டையோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் கதவுகள். ஒன்று பழுதானால் பேட்டரியின் மின்சாரம் இரவெல்லாம் பின்னோக்கி ஓடும். இரவு முழுக்க நின்ற வண்டியின் டைனமோ காலையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

ஆனாலும் நான் முதலில் சந்தேகிப்பது வெளியே பொருத்திய சாதனங்களைத்தான். டேஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர், புது ஸ்டீரியோ. ஸ்டீரியோவின் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் பெறுவது, சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ஸ்டீரியோ முழுதாக அணைவதே இல்லை.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? கடைக்காரர் புதிது மாற்றச் சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "வண்டி தூங்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது?" அளந்து பார்த்துப் பதில் சொல்பவரிடம் வண்டியை விடுங்கள்.